மதிலுக்கு வாசல் வைத்த இரண்டாம் பாகம்

1999ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி அமெரிக்காவில் ஒரு கணினி விளையாட்டு விற்பனைக்கு வந்தது. ‘ஏஜ் ஒவ் எம்பயர்ஸ் 2: த ஏஜ் ஒவ் கிங்ஸ்’ என்பது அதன் பெயர். ‘பேரரசுகளின் காலம்’ என்ற விளையாட்டின் இரண்டாம் பாகமாகிய ‘மன்னர்களின் காலம்’ எனத் தமிழில் சொல்லலாம். டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரில் இயங்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் அதனை உருவாக்கியது, மைக்ரோசொஃப்ட் வெளியிட்டது. உருவாக்கிய நிறுவனம் 2009ஆம் ஆண்டு மூடப்பட்டுவிட்டது. மூன்றாம் பாகம் 2005இலும் நான்காம் பாகம் 2021இலும் வெளிவந்தன. ஆயினும் உலகெங்கும் பல்லாயிரக்கணக்கானோர் இன்றும் விரும்பி ஆடுவது இந்த இரண்டாம் பாகத்தையே. அதற்குப் புதிய பகுதிகள் இன்னமும் எழுதப்பட்டு வருகின்றன. அவற்றுள் ஒன்றில் 2022ஆம் ஆண்டு நமது மொழி பேசும் போர்வீரர்களும் வந்து சேர்ந்தார்கள்.

செய்தி ஆசிரிய பீடத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவனுக்குப் பிள்ளைகளின் விளையாட்டில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்து வளரும் நமது பிள்ளைகள் சலாடின் என்ற பெயரையும் ஜோன் ஒவ் ஆர்க் என்ற பெயரையும் பாடப்புத்தகத்தில் முதலில் சந்திப்பதில்லை. இந்த விளையாட்டில் சந்திக்கிறார்கள். இராஜேந்திர சோழனையும் அவர்களிற் பலர் இனி அவ்வாறே சந்திக்கப் போகிறார்கள். வரலாற்றை யார், எவ்வாறு சொல்கிறார்கள் என்பது இலங்கையில் பிறந்த எவருக்கும் விளையாட்டான விடயம் அன்று. ஆகவே, நூலொன்றை மதிப்பிடுவது போல இதனையும் மதிப்பிட்டுப் பார்க்கத் துணிந்தேன்.

முதற்பாகம் 1997ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்தது. அதன் வடிவமைப்பாளர்களுள் முக்கியமானவர் புறூஸ் ஷெலி. இவர் 1991இல் சிட் மையருடன் இணைந்து ‘சிவிலைசேஷன்’ என்ற புகழ்பெற்ற விளையாட்டை உருவாக்கியவர். அவ்விளையாட்டில் ஒருவர் காய் நகர்த்திய பின்னரே மற்றவர் நகர்த்த முடியும், சதுரங்கத்தைப் போல. புதிய விளையாட்டில் கடிகாரம் நிற்பதில்லை. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரி மரம் வெட்டுகிறான், கல் உடைக்கிறான், படை திரட்டுகிறான். கற்காலத்தில் மூன்று குடியானவர்களோடும் ஒரு நகர மண்டபத்தோடும் தொடங்கி, இரும்புக் காலம் வரை உங்கள் மக்களை வளர்த்தெடுக்க வேண்டும். எகிப்தியர், கிரேக்கர், பாபிலோனியர், சுமேரியர், அசீரியர், பாரசீகர், பினீசியர் என்று பன்னிரண்டு நாகரிகங்கள் அதில் இருந்தன. சிந்துவெளி இல்லை, இந்தியத் துணைக்கண்டமே இல்லை. பிற்காலத்தில் உரோமர் உட்பட நால்வர் சேர்க்கப்பட்டபோதும் நமது திசைக்கு எவரும் வரவில்லை.

அந்த முதற்பாகம் பெரும் வெற்றி பெற்றது. அதே வேளை, அதிலிருந்த குறைகள் விளையாடியவர்களை வாட்டி எடுத்தன. ஓர் இடத்திற்குப் போகச் சொன்னால் வீரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதி வழி தவறி நின்றார்கள். ஐம்பது பேருக்கு மேல் ஆள் சேர்க்க இயலாது. வயலில் விளைச்சல் முடிந்ததும் வயலே மறைந்துவிடும். குடியானவன் கைகட்டி நிற்பான். அதனை நீங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இவை தொழில்நுட்பக் குறைகள். என்னைச் சிந்திக்க வைத்த குறை வேறொன்று. முதற்பாகத்தில் மதில் கட்டலாம். ஆனால் மதிலுக்கு வாசல் வைக்க முடியாது. ஊரைச் சுற்றி முழுமையாக மதில் எழுப்பினால் எதிரி உள்ளே வர இயலாது. உங்கள் ஆளும் வெளியே போக இயலாது. விறகுக்குப் போக வேண்டுமாயின் நீங்கள் கட்டிய மதிலை நீங்களே இடிக்க வேண்டும்!

இரண்டாம் பாகத்தில் மதிலுக்கு வாசல் வந்தது. உங்கள் ஆட்களும் உங்கள் நட்பு அணியினரும் அணுகினால் கதவு திறக்கும்; பகைவன் வந்தால் திறவாது. கேட்பதற்குச் சிறிய மாற்றம். ஆனால் ஒரு நகரம் என்றால் என்ன என்பதை உருவாக்கியவர்கள் மீண்டும் ஒருமுறை உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த வாசலே சான்று. நகரம் என்பது போக்கும் வரவும்தான். பட்டினப்பாக்கத்தையும் மருவூர்ப்பாக்கத்தையும் படித்து வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அந்த யோசனைக்கு அவர்களுக்குக் காலம் கிடைத்தது எவ்வாறு என்பதும் சொல்லத்தக்கது. ஓராண்டில் இரண்டாம் பாகத்தை முடித்துவிடலாம் என்றே முதலில் திட்டமிட்டிருந்தார்கள். 1998ஆம் ஆண்டு இறுதிக்குள் அது முடியாது என்று தெரிந்ததும், முதற்பாகத்திற்கு உரோமரைப் பற்றிய ஓர் இணைப்பை வெளியிட்டு அவ்வாண்டை ஈடுகட்டினார்கள். இரண்டாம் பாகம் மேலும் ஓராண்டு பட்டறையில் இருந்தது. குறித்த நேரத்திற்குப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்ற தொழிலில் வாழ்ந்தவனுக்கு இதைக் கேட்கப் பொறாமையாக இருக்கிறது.

அந்த மேலதிக ஆண்டில் நுழைந்தவற்றைப் பாருங்கள். முதற்பாகத்தில் குடியானவர் எல்லோரும் ஆண்கள். நான்கு யுகங்கள் கடந்து பேரரசு எழுந்தாலும் அந்த நாட்டில் ஒரு பெண்ணும் இல்லை. இரண்டாம் பாகத்தில் பெண்களும் குடியானவர்களாக வந்தார்கள். வயலில் வேலை செய்தார்கள், மரம் வெட்டினார்கள், கோட்டை கட்டினார்கள். ஆணுக்குள்ள அதே வலு, அதே விலை. இதைப் பற்றி விளம்பரங்களில் அதிகம் பேசப்பட்டதாக நான் கண்டதில்லை. பேசாமலே செய்தது நல்லது.

அடுத்தது, ஆபத்து மணி. எதிரி ஊருக்குள் புகுந்துவிட்டால் நகர மண்டபத்து மணியை அடிக்கலாம். குடியானவர்கள் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அருகிலுள்ள கட்டடங்களுக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஆபத்து நீங்கியதும் மீண்டும் மணி அடித்தால் அவரவர் விட்ட வேலைக்குத் திரும்புவார்கள். முதற்பாகத்தில் இந்த ஏற்பாடு இல்லை. குடியானவன் நின்ற இடத்திலேயே வெட்டுண்டு வீழ்வான். யாழ்ப்பாணத்தில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி வேறுவிதமாகத் தோன்றும். வானில் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கும் கோவிலுக்கும் தேவாலயத்திற்கும் ஓடியவர்கள் நாங்கள். திரையில் சிறு உருவங்கள் அவ்வாறு ஓடுவதை முதன்முறை கண்டபோது நான் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். பக்கத்திலிருந்த இளைஞருக்கு அதன் காரணம் விளங்கியிராது.

அது 2002ஆம் ஆண்டு என்று நினைவு. போர்நிறுத்தம் கையெழுத்தான ஆண்டு. வெள்ளவத்தையில் அப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை நெற் கபேக்கள் முளைத்திருந்தன. மின்னஞ்சல் பார்ப்பதற்காக நான் செல்லும் கடையில், வெளிநாட்டுக்குப் பேசவும் கடிதம் அனுப்பவும் வந்தவர்களைவிட இந்த விளையாட்டை ஆட வந்த இளைஞர்களே அதிகம். இறுவட்டுகள் எல்லாம் உரிமம் பெறாத பிரதிகள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒருவன் பிரித்தானியரின் நீள்வில் வீரர்களை நடத்திக்கொண்டு போவான். மற்றவன் மொங்கோலியக் குதிரை வில்லாளரோடு எதிர்த்து வருவான். அந்தக் கடையில் தமிழ்ப் பையன்களும் சிங்களப் பையன்களும் முஸ்லிம் பையன்களும் ஓரணியாகவும் எதிரணியாகவும் மாறி மாறி ஆடினார்கள். சண்டை வந்தால் இணைய வேகத்தைப் பற்றியே வந்தது.

இனி, இந்த இரண்டாம் பாகத்தின் தலையாய முன்னேற்றமாக நான் கருதுவதற்கு வருகிறேன். அது பேச்சு.

முதற்பாகத்தில் எகிப்தியனும் கிரேக்கனும் யப்பானியனும் ஒரே மொழியைப் பேசினார்கள். உலகில் எங்கும் இல்லாத, பொருளற்ற, புனைந்த ஒலிகள் அவை. பூசாரி ஒருவன் எதிரி வீரனைத் தன் பக்கம் மாற்றும்போது பாடும் ‘வொலொலோ’ என்ற ஒலி இன்றும் விளையாட்டுப் பிரியர்களிடையே பகிடியாக வழங்குகிறது. இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு மக்களும் ஏதோ ஓர் உண்மையான மொழியில் பதில் சொல்கிறார்கள். சரசெனியர் அரபு பேசுகிறார்கள். பாரசீகர் பாரசீகம் பேசுகிறார்கள். பைசாந்தியர் இலத்தீன் பேசுகிறார்கள். (கொன்ஸ்தாந்திநோபிளின் தெருவில் கேட்ட மொழி கிரேக்கம். அந்தத் தவறைத் திருத்த எவரும் முன்வரவில்லை.) பிழைகள் இருக்கட்டும். எதிரியாக இருப்பவனுக்கும் ஒரு மொழி உண்டு என்பதை அந்த விளையாட்டு ஒப்புக்கொண்டுவிட்டது.

அதைவிட நுட்பமானது கதைசொல்லிகளைத் தெரிவு செய்த முறை. முதற்பாகத்தில் ஒவ்வொரு போருக்கும் முன்னால் ஓர் அரச அறிவித்தல் போன்ற சுருக்கம் வரும். யார் சொல்கிறார் என்ற கேள்வியே அங்கு எழாது. இரண்டாம் பாகத்தில் சலாடினின் கதையைச் சொல்பவன் சலாடினின் ஆள் அல்லன். பாலைவனத்தில் அவன் வீரர்களிடம் அகப்பட்ட ஐரோப்பியப் படைவீரன். பகைவர் முகாமில் அவன் காண்பவை அவன் கற்று வந்தவற்றோடு பொருந்தவில்லை. ஜோன் ஒவ் ஆர்க்கின் கதையை அவளோடு நடந்த ஒரு போர்வீரன் சொல்கிறான். 1431இல் அவள் எரிக்கப்பட்டதோடு அது முடிவதில்லை. 1453இல் பிரெஞ்சுக்காரர் வென்ற கஸ்தியோன் போர் வரை, அவள் இல்லாமலே தொடர்கிறது. 2000ஆம் ஆண்டு வந்த ‘கொன்கரர்ஸ்’ என்ற இணைப்பில் எல் சித் என்ற ஸ்பானியத் தளபதியின் கதையைச் சொல்பவள் அவன் மனைவி ஹிமேனா.

எனக்கு மிகவும் பிடித்தது ஜேர்மானியப் பேரரசன் பார்பரோசாவின் கதை. மதுச்சாலையில் இருக்கும் ஒரு முதியவர் அதனைச் சொல்லிக்கொண்டு வருகிறார். பேரரசனின் பெருமைகளையும் பிடிவாதங்களையும் அருகிலிருந்து பார்த்தவர் போலப் பேசுகிறார். முடிவில்தான் தெரிகிறது, அவர் பேரரசனுக்குத் துரோகம் செய்து நாடுகடத்தப்பட்ட உறவினனாகிய சிங்க ஹென்றி என்று. அதுவரை கேட்ட கதையை முழுவதும் திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டியதாகிறது. செய்தியைச் சொல்பவன் யார், அவனுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்டபின்பே செய்தியை நம்பு என்று இளம் நிருபர்களுக்கு நாங்கள் படித்துப் படித்துச் சொல்வோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்.

இதற்காக அதனை வரலாற்று நூல் என்று நான் சொல்ல வரவில்லை. பார்பரோசா 1190இல் சிலுவைப் போருக்குச் செல்லும் வழியில் சின்னாசியாவின் ஆற்றொன்றில் மூழ்கி இறந்தான். உடலை வினாகிரியில் இட்டுக் காக்க முயன்றார்கள், முயற்சி பலிக்கவில்லை. அவன் உடலின் பகுதிகள் வழியிலேயே அடக்கம் செய்யப்பட்டன. விளையாட்டிலோ அவனைப் பீப்பாயில் இட்டு எருசலேம் வரை கொண்டு சேர்த்தால்தான் வெற்றி! சிரிக்கலாம். ஆனால் புறூஸ் ஷெலி இதில் ஒளிவுமறைவு வைத்தவர் அல்லர். பொழுதுபோக்கு விளையாட்டிற்கு ஆழ்ந்த ஆராய்ச்சி தேவையில்லை, நூலகத்தின் சிறுவர் பகுதியிலுள்ள நூல்களே பெரும்பாலும் போதுமானவை என்ற கருத்தை அவரே எழுதியிருக்கிறார். நேர்மையான கூற்று. அபாயகரமான கூற்றும் கூட. சிறுவர் நூலில் ஒரு நாட்டுக்கு ஒரு பக்கம். ஒரு மக்களுக்கு ஒரு நிறம்.

அந்த அபாயம் வெறும் கற்பனையன்று. முதற்பாகத்தில் யமத்தோ யப்பானியர் கொரியாவின் மீது படையெடுக்கும் ஒரு கட்டம் இருந்தது. அதற்குத் தென் கொரிய அரசிடமிருந்து எதிர்ப்பு வந்ததையும், நிறுவனம் அந்தக் கட்டத்தை மாற்ற நேர்ந்ததையும் மைக்ரோசொஃப்டில் பணியாற்றிய ஒருவர் பின்னாளில் வெளியிற் கூறினார். ஒரு நாட்டில் பொழுதுபோக்காக இருப்பது இன்னொரு நாட்டில் ஆறாத புண்ணாக இருக்கும்.

நமது கதைக்கு வருவோம். 2012இல் இந்த விளையாட்டின் இரசிகர்கள் சிலர் தாமாகவே ஒன்றுகூடிப் புதிய நாகரிகங்களைச் சேர்த்து ஓர் இணைப்பை உருவாக்கி இலவசமாக வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அவர்களது ஆக்கம் உத்தியோகபூர்வ வெளியீடாகிவிட்டது. ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த வாசகர்களை அழைத்துப் பத்திரிகையையே ஒப்படைப்பது போன்ற காரியம் அது. இந்தியர் என்ற நாகரிகம் அந்த இணைப்பில்தான் முதலில் வந்தது. காஷ்மீரம் முதல் குமரி வரை அனைவரும் ஒரே பெயரில், ஒரே மொழியில், ஒட்டகத்தோடும் யானையோடும் நின்றார்கள்.

2022 ஏப்ரல் 28ஆம் திகதி வெளிவந்த ‘டைனஸ்டீஸ் ஒவ் இந்தியா’ என்ற இணைப்பு அந்தப் பொத்தலை அடைத்தது. பழைய இந்தியர் இந்துஸ்தானியர் ஆனார்கள். வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்ற மூவர் புதிதாக வந்தார்கள். பாபர், வங்கத்துத் தேவபாலன், நமது இராஜேந்திர சோழன் ஆகிய மூவருக்கும் தனித்தனிக் கதைகள் அமைந்தன. ரொறன்ரோவிலுள்ள என் பேரன் அன்றிரவு தொலைபேசியில் கூவியது இன்னும் காதில் இருக்கிறது: “அப்பப்பா, இவங்கள் தமிழ் கதைக்கிறாங்கள்!”

கேட்டபோது எனக்கும் மகிழ்ச்சி ஏற்பட்டது என்பதை மறைக்க மாட்டேன். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை, திரையிலுள்ள விறகுவெட்டியின் பேச்சை எனக்குச் சொல்லிக்காட்டினான். திராவிடர் கடலிலும் காலாட்படையிலும் வலியவர்களாகவும் குதிரைப்படையில் மெலியவர்களாகவும் அமைக்கப்பட்டிருக்கிறார்கள். அரபுக் குதிரைகளுக்காகத் தென்னாட்டு மன்னர்கள் காலங்காலமாகப் பொன்னைக் கொட்டிக் கொடுத்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு அது பொருத்தமாகவே படும். அவர்களது சிறப்புக் கப்பலுக்குத் ‘திரிசடை’ என்று பெயர். கம்பனைப் படித்தவர்களுக்கு வீடணன் மகளே நினைவுக்கு வருவாள். சீதைக்குத் துணையிருந்த அந்தப் பெண் இங்கே போர்க்கப்பலாகிவிட்டாள். உறுமி என்ற சுழல்வாளை ஏந்திய காலாட்படை கேரளத்துக் களரியிலிருந்து நேரே இறங்கி வந்தது. சோழர் படையணி என்று அதைக் கொள்வது கற்பனை. ‘வூட்ஸ்’ உருக்கு என்ற சிறப்புத் தொழில்நுட்பம் மட்டும் கற்பனையன்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வார்க்கப்பட்ட அந்த உருக்கு மேற்காசியா வரை சென்றது. நமது சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய உலைகளைக் கில் ஜுலெஃப் என்ற தொல்லியலாளர் அகழ்ந்து, 1996இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் விபரித்திருக்கிறார்.

இராஜேந்திரன் கதையில்தான் என் மனம் தயங்கியது. 1025இல் அவன் கடாரத்திற்கும் ஸ்ரீவிஜயத்திற்கும் கப்பற்படை அனுப்பியவன். கங்கை வரை தன் படையைச் செலுத்தியவன். தமிழ் வாசகர் எவருக்கும் நெஞ்சு நிமிரும் செய்திகள். அதே இராஜேந்திரன் 1017இல் இலங்கைக்குப் படை அனுப்பி ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தான்; ஈழத்து மன்னரின் முடியையும் கொண்டு சென்றான். மகிந்தன் பன்னிரண்டு ஆண்டுகள் சோழநாட்டில் இருந்து 1029இல் அங்கேயே இறந்தான். விகாரைகள் கொள்ளையிடப்பட்டதையும் பொற்படிமங்கள் பறிக்கப்பட்டதையும் சூளவம்சம் துயரத்தோடு பதிந்து வைத்திருக்கிறது. ஒரே சம்பவம். தஞ்சையின் கல்வெட்டில் அது வெற்றி. அனுராதபுரத்து மடத்தில் அது கண்ணீர்.

போர் நடந்த ஆண்டுகளில் இந்தப் பதினோராம் நூற்றாண்டுச் சம்பவங்கள் இலங்கையின் இருதரப்பு மேடைகளிலும் நேற்று நடந்தவை போலப் பேசப்பட்டன. ஒரு தரப்பில் சோழர் மீண்டும் எழுந்தார்கள். மறுதரப்பில் சோழர் மீண்டும் விரட்டப்பட்டார்கள். பத்திரிகைக்கு வரும் கட்டுரைகளில் ‘படையெடுப்பு’ என்று போடுவதா, ‘ஆட்சி’ என்று போடுவதா என்பதே ஆசிரிய பீடத்தில் ஒரு விவாதமாக இருக்கும். 2009இல் எல்லாம் முடிந்தபின், முள்ளிவாய்க்காலை நினைத்துக்கொண்டு அந்தப் பழைய தலைப்புகளைப் புரட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

சோழர் ஆட்சி பற்றி அந்த மேடைகள் இரண்டுமே சொல்லாமல் விட்டவை பல. திருகோணமலைக்கு அருகே பெரியகுளத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் அது இடிக்கப்படவில்லை. இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயர் பெற்றது. அதற்குத் தமிழ்ப் பெயர் தாங்கியவர்கள் விளக்குக்கும் பசுக்களுக்கும் தானம் எழுதி வைத்தார்கள். அந்தத் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. முதலாம் விஜயபாகு 1070இல் சோழரை வெளியேற்றியவன். அவனே தன் தங்கை மித்தாவைப் பாண்டிய இளவரசன் ஒருவனுக்கு மணமுடித்து வைத்தான். அந்த மணத்தின் வழிவந்தவனே மகா பராக்கிரமபாகு. சிங்கள அரசின் பொற்காலத்துக்கு உரியவனாகப் போற்றப்படுபவனின் தந்தைவழிப் பாட்டன் மதுரைக்காரன்!

இந்த இடத்தில் விளையாட்டின் இன்னொரு புதுமையைச் சொல்ல வேண்டும். இரண்டாம் பாகத்தில் ‘புனிதச் சின்னங்கள்’ வந்தன. வரைபடத்தில் ஆங்காங்கே சில பேழைகள் கிடக்கும். துறவி ஒருவர் சென்று அவற்றை எடுத்துவந்து மடத்தில் வைத்தால் அங்கிருந்து தொடர்ந்து பொன் வரும். எல்லாச் சின்னங்களையும் ஒருவரே கைப்பற்றிக் குறித்த காலம் காத்துவிட்டால் போரின்றியே வெற்றி பெறவும் முடியும். ஐரோப்பிய மத்திய காலத்தை மனதில் வைத்து இதனை அமைத்தார்கள். திருச்சின்னம் உள்ள தேவாலயத்திற்கு யாத்திரிகர் வருவர், யாத்திரிகரோடு பணமும் வரும் என்பது கணக்கு. ஆனால் அந்த விதி வேறெந்த நாட்டையும்விட இலங்கைக்கே பொருந்துகிறது. தலதா எனப்படும் புத்தரின் புனிதப் பல் யாரிடம் இருக்கிறதோ அவரே அரசுக்குரியவர் என்ற நம்பிக்கை இங்கே நூற்றாண்டுக்கணக்கில் நிலவியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் படையோடு வந்த ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகுவையிலிருந்து அதனை எடுத்துச் சென்றதும், பின்னர் சிங்கள மன்னன் பாண்டிய நாடு சென்று இரந்து மீட்டு வந்ததும் வரலாறு.

அந்தப் பல்லைப் பொலன்னறுவையில் காத்து நின்றவர்கள் யார் தெரியுமா? வேளைக்காரர். தமிழ் பேசிய கூலிப்படையினர். விஜயபாகு சோழருக்கு எதிராகப் போர் தொடுக்க முனைந்தபோது, சோழரோடு பொருத மறுத்து மன்னனுக்கு எதிராகவே கிளர்ந்தெழுந்து அரண்மனையைக் கொளுத்தியவர்கள் அவர்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது, தலைவர்கள் கடுமையாகத் தண்டிக்கப்பட்டார்கள். அதே வேளைக்காரர் விஜயபாகுவின் மறைவுக்குப் பின், பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தலதா மாளிகையைத் தம் உயிருள்ளவரை காப்போம் என்று உறுதி எழுதிக் கல்லில் வெட்டி நாட்டினார்கள். அந்தக் கல் இன்றும் பொலன்னறுவையில் நிற்கிறது. எழுத்து தமிழ்.

இரண்டாம் பாகம் முதற்பாகத்தைவிட எத்தனையோ மடங்கு உயர்ந்தது; வாசலும் பெண்களும் மொழிகளும் மாற்றான் வாய்க் கதைகளும் அதில் வந்துவிட்டன. வேளைக்காரரை மட்டும் அதிலும் காணவில்லை. திராவிடர் ஒரு நிறம், எதிரி ஒரு நிறம் என்று பிரிந்து நிற்கும் களத்தில், சோழரோடும் போரிட மாட்டேன், சிங்கள மன்னனின் சம்பளத்தையும் விடமாட்டேன், புத்தரின் பல்லையும் காப்பேன் என்று நிற்கும் தமிழ் வீரனை நிறுத்தி வைக்க இடமில்லை. இடமில்லை என்பதைவிட, ஆயத்த நிலையில் இடம் தரப்படவில்லை என்பதே சரி. ஏனெனில் இந்த விளையாட்டிற்குள்ளேயே சொந்தமாகக் கதைக்களம் அமைக்கும் கருவி ஒன்றும் இருக்கிறது. முதற்பாகத்திலும் அது இருந்தது; ஆனால் அங்கே வரைபடத்தை வரைந்து ஆட்களை நிறுத்துவதோடு வேலை முடிந்துவிடும். இரண்டாம் பாகத்தில், இன்னது நடந்தால் இன்னது நடக்கட்டும் என்று நிபந்தனைகள் எழுதலாம். ஓர் அணியின் நட்பைப் பகையாக்கலாம்; ஒருவரின் வீரர்களை மற்றொருவரிடம் கைமாற்றலாம்; செய்திகளைத் திரையில் தோன்றச் செய்யலாம். விளையாடுபவர்களே எழுத்தாளர்களானது இந்தக் கருவியால்தான்.

பேரனுக்கு இதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதினேன். சில நாட்கள் பதில் இல்லை. வயதானவரின் பிரசங்கம் என்று ஒதுக்கிவிட்டான் என எண்ணியிருந்தேன். பின்னர் ஒரு படம் வந்தது. பராக்கிரம சமுத்திரத்தின் கரையில் பொலன்னறுவை, சுற்றி மதில், மதிலுக்கு நான்கு வாசல், நடுவே மடம், மடத்தினுள் ஒரு புனிதச் சின்னம். (சமுத்திரம் விஜயபாகுவின் காலத்துக்குப் பிற்பட்டது என்பதைச் சுட்டி எழுதினேன். குளத்தைச் சிறிதாக்கிவிட்டான்.) மன்னன் படை திரட்டும்போது வேளைக்காரர் பகையாக மாறவும், கிளர்ச்சி அடங்கியபின் மீண்டும் நட்பாகவும் நிபந்தனை எழுதியிருக்கிறானாம். கல்வெட்டின் சுருக்கத்தை எளிய தமிழில் எழுதித் தரும்படி கேட்டான். திரையில் தோன்றுவதற்கு நான்கு வரி. எழுதி அனுப்பினேன்.

கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டிருந்தான். களத்தில் எட்டு நிறங்களே உண்டு. சோழருக்குச் சிவப்பும் விஜயபாகுவுக்கு நீலமும் கொடுத்தாகிவிட்டது. வேளைக்காரரை எந்த நிறத்தில் சேர்ப்பது? இரண்டிலும் சேர்க்காதே, தனி நிறம் கொடு என்று எழுதினேன். மஞ்சளைத் தெரிவு செய்திருக்கிறான்.